காய்ந்திருந்த குழி

நாங்கள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் விண்கலத்தில் ஏறிவிடுவோம். விண்கலம் என்பது சின்னக் காஞ்சிபுரத்தில் என் தோழி வீட்டு மாடியறை. அவள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள், விளையாட்டில் கேப்டன். என் அண்ணன் பட்டுத்தறி நெய்கிறவன், விளையாட்டில் எஞ்சினியர். கலத்தை ஓட்டுவது நான். நிஜத்தில் ஸ்கூட்டியைத் தவிர நான் எதையும் ஓட்டியதில்லை. கம்ப்யூட்டரில் புடவைக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. மூவருமே நாற்பதை ஒட்டியவர்கள். இந்த வயதில் இது என்ன கூத்து என்று கேட்டவர்களுக்கு, சீரியல் பார்ப்பதைவிட மேல் என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

விளையாட்டு எளிது. கேப்டன் ஒரு நிலைமையைச் சொல்வாள். நாங்கள் என்ன செய்வோம் என்று சொல்லவேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்யும். அவள் வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டை, உருட்டினால் தரையில் கணகணவென்று ஓடும். அண்ணனுக்கு நல்ல கைராசி. அவன் கையில் தாயம் விழுந்தால் அணைந்துபோன எஞ்சினும் கிளம்பிவிடும்.

மழை பிடித்துக்கொண்டு விடாத அந்த வருஷம், கார்த்திகை பிறந்த பிறகு வந்த ஒரு ஞாயிறு. கேப்டன் புதுக் கதை எடுத்தாள். எங்கோ தூரத்தில் ஒரு கிரகம். அங்கே மலையிடுக்கில் மனிதர்கள் குடியேறி ஊர் கட்டியிருக்கிறார்கள். ஊருக்கு மேலே, பனிப்பாறை தடுத்து நிறுத்தியிருக்கும் ஒரு பெரிய ஏரி. பாறை உருக ஆரம்பித்துவிட்டது, எப்போது வேண்டுமானாலும் உடையும். எங்கள் கலம் இறங்கி அவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பவேண்டும். கலத்தில் இடம் இருக்கிறது, எஞ்சினும் நன்றாக இருக்கிறது. ஆனால் அவர்கள் வரமாட்டேன் என்கிறார்கள்.

“ஏன் வரலையாம்?” என்று கேட்டேன்.

“அதை நான் சொல்லமாட்டேன். நீங்கதான் இறங்கிப் போய்க் கண்டுபிடிக்கணும்,” என்றாள் கேப்டன்.

அண்ணனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. “இன்னா டீச்சர் இது? தலைக்கு மேல ஏரி நின்னுக்கினு இருக்குது. வா போலாம்னு கப்பல் வாசல்ல வந்து நிக்குது. அப்பவும் வரமாட்டாங்களா? கேக்காதவங்களுக்கு இன்னாத்துக்குக் கப்பல்? வுட்டுட்டு எடு பாப்பா. பட்டாத்தான் தெரியும்.”

பாப்பா என்பது நான்தான். எனக்கு நரைத்த பிறகும் அவன் அதை மாற்றவில்லை.

“அவாளும் மனுஷாதானே அண்ணா,” என்றாள் கேப்டன்.

“மனுசங்கதான் டீச்சர். புத்தியில்லாத மனுசங்க.”

நானும் சிரித்தேன். அதற்குள் மழை வலுத்து ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. வேகவதி ஆற்றில் தண்ணீர் ஏறினால் பாலத்தைத் தாண்டி வீடு போய்ச் சேருவது கஷ்டம். கதையை அப்படியே நிறுத்திவிட்டுக் கிளம்பினோம். கலம் அந்த ஊருக்கு வெளியே இறங்கியது இறங்கியபடியே நின்றது.

அண்ணன் இருப்பது ஊரின் மேற்கு ஓரத்தில், நெசவாளர் காலனியில். அதற்கும் மேற்கே கொஞ்சம் வயல், அதற்கப்பால் ஏரிக்கரை. காலனி பள்ளத்தில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் யாருமில்லை, ஏனென்றால் அங்கே வீட்டுக்கு வீடு தறிக்குழி இருக்கிறது.

குழித்தறியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தரையில் தொடையளவு பள்ளம் எடுத்து, அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் கீழே தொங்கவிட்டு மிதிகட்டையை மிதித்து நெய்வார்கள். மழைக்காலத்தில் பூமிக்குள் நீர் ஏறினால் முதலில் தெரிவது அந்தக் குழியில்தான். கால் விரலில் ஈரம் பட்டால் தறியை நிறுத்திவிடுவார்கள். குழியில் தண்ணீர் நின்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுத் தெருவில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். டிவியில் சிவப்பு எச்சரிக்கை, ஆரஞ்சு எச்சரிக்கை என்று என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், காலனிக்காரர்கள் குனிந்து குழியைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள். குழி ஒரு வருஷமும் பொய் சொன்னதில்லை. அதனால் அதன்மேல் சாமிமேல் வைக்கிற நம்பிக்கை வைத்திருந்தார்கள்.

எதிர்வீட்டில் ஒரு மாமா. உறவெல்லாம் இல்லை, தெருவே அவரை மாமா என்றுதான் கூப்பிடும். தனி ஆள், காது கொஞ்சம் மந்தம். பாவு இழைத்துக் கொடுக்கிற வேலை, ஆகவே அவர் வீட்டில் தறியும் கிடையாது, குழியும் கிடையாது. மழை தொடங்கிவிட்டால் தினமும் காலையில் அண்ணன் வீட்டுக்குள் வந்து, இடுப்பில் கையை ஊன்றிக் குழியை எட்டிப் பார்ப்பார்.

“காய்ஞ்சிருக்குதா மாப்ளே?”

“காய்ஞ்சிருக்குது மாமா,” என்று அண்ணன் சத்தமாகச் சொல்வான்.

அண்ணி கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு நிம்மதியாகப் போவார். நான் அங்கே இருந்தால் என்னை ஒரு வம்புக்கு இழுக்காமல் போகமாட்டார். “இன்னாம்மா, உங்க கப்பல் இப்ப எந்த ஊர்ல நிக்குது? எனக்கும் ஒரு சீட்டு போட்டு வைங்க. ஜன்னல் ஓரமா.” எங்கள் விளையாட்டைப் பற்றிக் கேட்டு, கேலி செய்யாத ஒரே மனிதர் அவர்தான்.

அந்தக் கோடையில் அண்ணன் ஒரு காரியம் செய்திருந்தான். வருஷா வருஷம் மழைக்காலத்தில் குழி ஊறி வேலை நின்றுபோவது அவனுக்குப் பொறுக்கவில்லை. குழியைக் கொஞ்சம் ஆழப்படுத்தி, அடியில் ஜல்லி போட்டு, சுற்றிலும் சிமெண்டு பூசி, நீர் கசியாத மருந்தும் கலந்து அடித்துவிட்டான். பூச்சு காய்ந்ததும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சோதித்தும் பார்த்தான். ஊற்றின நீர் ஊற்றினபடி நின்றது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவே வந்து பார்த்தது. பார்த்தவர்கள் எல்லோரும் அதே கொத்தனாரைக் கூப்பிட்டு அதே மாதிரி பூசிக்கொண்டார்கள். ஆடிக்குள் காலனி முழுக்கக் குழிகள் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஆகிவிட்டன. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அப்போது அதில் தப்பாக எதுவுமே இல்லை.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு வானம் வெளுக்கவே இல்லை. தாமல் ஏரி நிரம்பிவிட்டது, தென்னேரி நிரம்பிவிட்டது என்று ஆளாளுக்குப் போனில் படம் அனுப்பினார்கள். எங்கள் பக்கத்து ஏரியும் நிரம்பி, உபரிநீர் போகிற கலங்கலில் வழிய ஆரம்பித்தது. அந்த இரைச்சல் காலனிக்குள் பகலெல்லாம் கேட்டது, பக்கத்தில் எங்கோ லாரி ஒன்று நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருப்பது போல. சாக்கடையிலிருந்து நண்டுகள் ஏறி வந்து வாசற்படியில் உட்கார்ந்தன. அண்ணி அவற்றை முறத்தில் வாரி வெளியே கொட்டுவாள், மறுநாள் மறுபடி வந்திருக்கும். எனக்கு அந்த நண்டுகளைப் பிடிக்கவில்லை. அவை எங்கிருந்தோ எதற்கோ பயந்து கிளம்பி வந்தவை மாதிரி இருந்தன.

அண்ணன் மட்டும் உற்சாகமாக இருந்தான். அவன் தறியில் அரக்கு நிறத்தில் ஒரு முகூர்த்தப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. உடல் முடிந்து முந்தி ஆரம்பிக்கிற கட்டம். வேறு வருஷமாக இருந்தால் இந்த மழைக்குத் தறி நின்றிருக்கும். இப்போது பஞ்சுபோல உலர்ந்த குழியில் காலை வைத்துக்கொண்டு நெய்தான். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. முகூர்த்தப் புடவையில் முந்தியைத் தொட்டுவிட்டால், அதை முடித்து அறுத்து மடித்த பிறகுதான் வீட்டை விட்டு வெளியே போய்த் தங்குவார்கள். நடுவில் போட்டுவிட்டுப் போனால் கட்டப்போகிற பெண்ணுக்கு ஆகாது என்பார்கள். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. அண்ணன் நம்புகிறவன்.

வியாழக்கிழமை காலை காலனிக்குள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து சொன்னார்கள். ஏரிக்கரை ஓர் இடத்தில் பலவீனமாக இருக்கிறது, மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறோம், முன்னெச்சரிக்கையாக எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்றார்கள். எனக்கு விஷயம் போனில்தான் தெரிந்தது. அண்ணனைக் கூப்பிட்டேன். பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

“குழி காய்ஞ்சிருக்குது பாப்பா. நீ வேலையைப் பாரு,” என்றான்.

நான் வேலையைப் பார்க்கவில்லை, ஸ்கூட்டியை எடுத்தேன். எனக்குக் கோபம் வந்தால் வண்டி வேகமாகப் போகும். காலனி முனைக்குப் போனபோது பாதித் தெரு தண்ணீரில் மினுங்கியது, ஆனாலும் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு யாரும் கிளம்பியதாகத் தெரியவில்லை. ஒரு பெண் வாசலில் நின்று என்னிடம் சொன்னாள்: “உங்க அண்ணன் வூட்டுக் குழியே காய்ஞ்சிருக்குதாம், எங்களுக்கு இன்னா?”  

தெருமுனைக் கிணற்றைத் தாண்டும்போதுதான் வண்டியை நிறுத்தினேன். ஒருவர் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் கயிறு இல்லை. குனிந்து, கிணற்றுக்குள் கையை விட்டு, ஆற்றில் மொள்வது மாதிரி குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு போனார். நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் தரைமட்டத்துக்கு வந்திருந்தது. கலங்கலாக, அசையாமல் நின்றது.

கிணறு இப்படி நிற்கும்போது குழி எப்படிக் காய்ந்திருக்கும்? அந்தக் கேள்வி வந்ததும் பதிலும் கூடவே வந்துவிட்டது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்.

உள்ளே போனபோது அண்ணன் நெய்துகொண்டிருந்தான். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து ஜரிகை சுற்றிய கட்டையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“எழுந்திரு,” என்றேன்.

“வந்துட்டியா? உக்காரு. முந்தி ஓடிக்கினு இருக்குது. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுடும். அப்புறம் போலாம்.”

“தெருக்கிணத்துல கையால தண்ணி மொள்றாங்க. பார்த்தியா?”

“மழைன்னா கெணறு நெறையத்தான் செய்யும்.”

“அப்ப இந்தக் குழி ஏன் நெறையல?”

“அதான் நல்லா பூசியிருக்கேனே!” என்றான் பெருமையாக. சொன்னவன் உடனே மிதிப்பதை நிறுத்தினான். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. ஒரு வழக்கத்தை அத்தனை சீக்கிரம் மனசு விடாது. “காலையில மாமா கூட வந்து பார்த்துட்டுப் போனாரு. காய்ஞ்சுதான் இருக்குது, நிம்மதியா தூங்குங்கன்னு சொல்லி அனுப்பினேன்,” என்றான். யாருக்கு எடுத்துச் சொல்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

கெஞ்சினேன், திட்டினேன். அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பாவைப் பார்த்தான். முந்தி கொஞ்சம்தான் பாக்கி, தங்க நிறத்தில் அன்னம் பாதி தெரிந்தது. அந்த டிசைன் நான் போட்டுக் கொடுத்ததுதான்.

கதவு மூலையில் கடப்பாரை சாத்தியிருந்தது. எடுத்தேன்.

“ஏய், இன்னா பண்றே?”

“வெளிய வா. இல்லைன்னா கால்ல படும்.”

அவன் குழியை விட்டு எழுந்தான். நான் உள்ளே இறங்கினேன். அண்ணி, “வேணாம்மா, மேல பாவு இருக்குதும்மா,” என்று கத்தினாள். அவள் சொன்னது நியாயம். நான் நினைத்தது தப்பாக இருந்தால் ஒன்றுமில்லாததற்கு அவன் வேலையைக் கெடுத்தவளாவேன். நினைத்தது சரியாக இருந்தால் அந்தப் பாவை நானே நனைப்பேன். எப்படியானாலும் கெடுத்தது என் கையாகத்தான் இருக்கும். மிதிகட்டைக்கு நடுவில் கடப்பாரையை ஓங்கிக் குத்தினேன். சிமெண்டு லேசாகச் சிதறியது. மறுபடி குத்தினேன். நல்ல கொத்தனார், சுலபத்தில் விடவில்லை. பிறகு திடீரென்று கடப்பாரை உள்ளே வழுக்கிக்கொண்டு போனது. அதைப் பிடுங்கியதும், அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் பீச்சிக்கொண்டு என் முழங்காலில் அடித்தது.

சேறும் மணலுமாக வந்தது. மண்வாசனை இல்லை, பழைய ஏரித்தண்ணீரின் பாசி நாற்றம். ஓட்டையைச் சுற்றிப் பூச்சு தானாகவே பிளந்து, தட்டுத்தட்டாக மேலே தூக்கியது. நான் ஏறுவதற்குள் மிதிகட்டை மிதந்தது. இத்தனை நாளும் தண்ணீர் பூச்சுக்குக் கீழேயே காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

 அண்ணன் குழி விளிம்பில் குந்தி உட்கார்ந்து, நீர் ஏறுவதைப் பார்த்தான். “குழிக்கு வாயைக் கட்டிட்டு, ஒண்ணும் சொல்லலையே, சொல்லலையேன்னு கேட்டுக்கினு இருந்தேன்,” என்றான். பிறகு எழுந்து, கடப்பாரையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினான்.

அவன் ஓடிய ஓட்டத்தை நான் மறக்கமாட்டேன். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்து, “குழியைக் கொத்திப் பாருங்கப்பா! கொத்திப் பாருங்க!” என்று கத்தினான். முதல் இரண்டு வீட்டில் அவனே கொத்திக் காட்டினான். அதற்குமேல் தேவைப்படவில்லை. ஒரு வீட்டில் குழி ஊறினால் காலனியே கிளம்பும். அதுதான் அங்கே வழக்கம். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தச் சத்தம் அடங்கினதும் ஏரியின் இரைச்சல் மட்டும் கேட்டது, முன்னைவிடக் கிட்டத்தில்.

குழந்தைகளையும் சுருட்டின பாவுகளையும் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க நடந்தது. அண்ணன் தன் பாவை எடுக்கவில்லை. கடைசியாக எதிர்வீட்டுக்குப் போனான். மாமா வீட்டுக் கதவில் வெளியே பூட்டு தொங்கியது. ஆட்டிப் பார்த்தான், நல்ல பூட்டு.

“மாமா முன்னாடியே கெளம்பிட்டாரு,” என்றான். அவன் முகத்தில் அன்றைக்கு முதல்முதலாக ஒரு தெளிவு வந்தது. எனக்கும்தான். அண்ணியோடு மூவரும் தண்ணீருக்குள் கால் போட்டு நடந்தோம்.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே கரை உடைந்தது. பள்ளிக்கூட மாடியிலிருந்து பார்த்தோம். பெரிய சத்தமெல்லாம் இல்லை. வயல் ஒரு பக்கத்திலிருந்து நிறம் மாறிக்கொண்டே வந்தது, பழுப்பாக, அவசரமே இல்லாமல். பிறகு காலனி வீடுகள் ஜன்னல் வரைக்கும் குள்ளமாகிவிட்டன.  யாரோ ஒரு பெண் எல்லோருக்கும் சாதம் போட ஆரம்பித்தபோது, அண்ணன் மட்டும் தட்டை வாங்காமல் வகுப்பு வகுப்பாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனான்.

“மாமாவைப் பார்த்தியா? மாமாவைப் பார்த்தீங்களா?”

யாரும் பார்க்கவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு தெரிந்தது. தொடர்மழையில் அவர் வீட்டு வாசற்கதவு ஊறிப்போய், உள்தாழ்ப்பாள் சேரவில்லையாம். காற்றுக்குத் திறந்துகொள்கிறதே என்று அன்று காலை வெளிப்பக்கம் பூட்டிவிட்டு, சந்து வழியாகச் சுற்றிப் பின்கதவால் உள்ளே போயிருக்கிறார். பக்கத்துச் சந்தில் இருப்பவர், அன்று மதியத்துக்கு முன்பே வெளியூர் போய்விட்டவர், பார்த்திருக்கிறார். குழி காய்ந்திருக்கிறது, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, கொஞ்சம் படுக்கப்போகிறேன் என்று அவரிடம் சொன்னாராம். பாவுச் சட்டங்களுக்கு நடுவில் கட்டிலோடு கிடந்தார். அண்ணன்தான் தூக்கினான், வேறு யாரையும் தொடவிடவில்லை.

காலனி உயிரோடு இருப்பது உன்னால்தான் என்று எல்லோரும் அவனிடம் சொன்னார்கள். என்னிடமும் சொன்னார்கள். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொள்வான். கெட்டுப்போன தறியைப் பிரித்தான், குழியிலிருந்த சிமெண்டையெல்லாம் பெயர்த்து எறிந்தான், பச்சை மண்ணில் புதுக்குழி எடுத்தான். முடியாமல் போன அந்தப் புடவையைப் பற்றி ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பொங்கல் தாண்டி ஒரு ஞாயிறு, கூப்பிடாமலே மாடியறைக்கு வந்து உட்கார்ந்தான். கேப்டன் பதறிப்போய் வேறு ஏதோ கதையை ஆரம்பித்தாள். இரண்டு சூரியன் உள்ள கிரகம், பாட்டுப் பாடும் பாறை என்று என்னென்னவோ.

“அந்தக் கதையே போடு டீச்சர்,” என்றான்.

“அண்ணா, அது வேண்டாமே.”

“போடும்மா. கப்பலை அங்கியே நிறுத்திட்டு வந்துட்டோமே.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். பனிப்பாறை, ஏரி, ஊர். அவர்கள் வரமாட்டேன் என்கிறார்கள்.

“நான் எறங்குறேன். ஏன் வரலைன்னு கேக்க மாட்டேன். ஒவ்வொரு வூட்டுலயும் போய் கூட உக்காருவேன். அவங்க எதைப் பார்த்து பயமில்லைன்னு சொல்றாங்களோ, அதை நானும் அவங்களோட சேர்ந்து குனிஞ்சு பார்ப்பேன். பார்த்துட்டு, வாங்க போலாம்னு கூட்டிக்கினு வருவேன்.”

தாயக்கட்டையை உருட்டினான். தாயம் விழுந்தது. கேப்டன் குரலைச் சரிசெய்துகொண்டு, “எல்லாரும் ஏறியாச்சு. பாறை விரிசல் விடறது. கலத்தைக் கிளப்பலாம்,” என்றாள்.

ஓட்டுகிறவள் நான்தானே. “கிளப்பறேன்,” என்றேன்.

“இரு பாப்பா,” என்றான் அண்ணன். “ஜன்னல் ஓரமா ஒரு சீட்டு காலியா இருக்குது பாரு. பூட்டின வூடு ஒண்ணு இருக்கும். பின்பக்கமா போய்ப் பார்த்துட்டு வரேன். அதுவரைக்கும் எடுக்காதே.”

கேப்டன் தாயக்கட்டையைக் கையில் எடுத்தாள். உருட்டாமல் மடியில் வைத்துக்கொண்டாள். அவன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வெயில் ஜன்னலை விட்டு இறங்குகிறவரை மூன்று பேரும் அப்படியே இருந்தோம். நான் கலத்தை எடுக்கவில்லை.